பட்டை இறுகியிருக்கிறது, நாற்காலி நிற்குமா?

கேள்வி: என் மகளுக்கு ஒன்றேகால் வயது. எங்களோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று, அண்ணன் மகன் பயன்படுத்திய பூஸ்டர் இருக்கையை (குழந்தையை மேசை உயரத்துக்கு உயர்த்த, பெரியவர்களின் நாற்காலி மேல் கட்டும் சிறு இருக்கை) வாங்கி வந்து சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றில் கட்டியிருக்கிறோம். அந்த நாற்காலியின் சாய்மானம் மேலே போகப் போகக் குறுகலாக இருக்கும். முதுகுப் பக்கப் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு நாளில் மேலேறித் தளர்ந்துவிடுகிறது. நாற்காலியில் மெத்தை இருப்பதால் அடிப்பட்டையையும் சரியாக இழுக்க முடியவில்லை. போன வாரம் அவள் மேசை விளிம்பில் இரண்டு கால்களையும் ஊன்றி உதைத்தாள். நாற்காலியே பின்னால் சாய்ந்துவிட்டது. நல்லவேளையாக என் மாமியார் பின்னால் நின்றிருந்தார், பிடித்துக்கொண்டார். நைலான் கயிற்றால் இன்னொரு கட்டுப் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். முன்னால் ட்ரே இருக்கும்போது குழந்தைக்குப் பெல்ட் எதற்கு என்கிறார் மாமியார். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அடுத்ததாக ஒரு வேண்டுகோள். வேறு நாற்காலி பார்த்து முடிக்கும் வரை அந்த இருக்கையில் குழந்தையை உட்கார வைக்காதீர்கள். தரையில் ஒரு விரிப்பைப் போட்டு, நீங்களும் எதிரே உட்கார்ந்து ஊட்டுங்கள். நாலைந்து நாள் அப்படிச் சாப்பிடுவதால் எந்தப் பழக்கமும் கெட்டுவிடாது. தரையிலிருந்து யாரும் கீழே விழ முடியாது என்பது பெரிய நிம்மதி.

நான் குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவர். நிமிர்ந்து உட்காரச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு இருக்கை அமைத்துக் கொடுப்பது என் வேலையில் பெரும்பகுதி. பட்டை, பெல்ட், பக்கிள், நாற்காலிக் கால் என்று நாள் முழுவதும் இவற்றோடுதான் இருக்கிறேன். அதனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒன்று கண்ணில் பட்டது. நீங்கள் கேட்டிருப்பது பெரும்பாலும் பட்டையைப் பற்றி. ஆனால் போன வாரம் நடந்ததற்கும் பட்டைக்கும் சம்பந்தமே இல்லை. பட்டை அவிழவில்லை, பூஸ்டர் நழுவவில்லை, நாற்காலிதான் சாய்ந்தது. பட்டை கல்லைப் போல இறுகியிருந்தாலும் அன்று அதேதான் நடந்திருக்கும். குழந்தையும் பூஸ்டரும் நாற்காலியும் ஒன்றாகப் பின்னால் போயிருக்கும்.

இங்கே மூன்று பிடிமானங்கள் இருக்கின்றன. குழந்தை பூஸ்டரில் பிடிபட வேண்டும், பூஸ்டர் நாற்காலியில் பிடிபட வேண்டும், நாற்காலி தரையில் நிற்க வேண்டும். முதல் இரண்டுக்கும் பட்டையும் பெல்ட்டும் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவதற்கு எதுவும் கொடுக்கவில்லை. நாற்காலியின் எடையும் அதன் கால்கள் அகன்று நிற்கும் விதமும்தான் அதைக் காக்கின்றன. நாம் கடைசியாக யோசிப்பதும் அதைத்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழந்தை 10 கிலோ, பூஸ்டர் 2 கிலோ, நாற்காலி 5 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 17 கிலோ. இந்த மொத்த எடையின் மையம் பின்கால்கள் தரையைத் தொடும் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்போம். மேசை விளிம்பு தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரம். 17ஐ 20ஆல் பெருக்கி 75ஆல் வகுத்தால் ஏறக்குறைய நாலரை வருகிறது. அதாவது, மேசை விளிம்பில் காலை வைத்து நாலரை கிலோ அளவுக்கு உதைத்தாலே முன்கால்கள் தரையை விட்டுக் கிளம்பிவிடும். ஒன்றேகால் வயதுக் குழந்தை தன் உடல் எடை முழுவதையும் கால்களில் தாங்கி எழுந்து நிற்கிறது. நாலரை கிலோ அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

வழவழப்பான தரையாக இருந்தால் நாற்காலி சாய்வதற்குள் பின்னால் சறுக்கிவிடும். பல வீடுகளில் இத்தனை நாள் ஒன்றும் ஆகாமல் இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் பின்கால் ஒரு தரைவிரிப்பின் ஓரத்திலோ இரண்டு டைல்ஸுக்கு நடுவிலுள்ள பள்ளத்திலோ மாட்டிக்கொண்டால் சறுக்க வழியில்லை, சாயத்தான் வேண்டும். உங்கள் நாற்காலியின் பின்கால் அன்று எதில் நின்றது என்று குனிந்து பாருங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தத் தந்தை பூஸ்டரை எவ்வளவு உறுதியாகக் கட்டியிருக்கிறார் என்று எனக்குக் காட்டுவதற்காக அதன் இரு பக்கமும் பிடித்துத் தூக்கினார். நாற்காலி முழுவதும் கூடவே மேலே வந்தது. அருமையான கட்டு, ஒரு விரல்கூட நுழையாது. அவரிடம் ஒன்றும் சொல்லாமல், குழந்தை இல்லாத அந்த இருக்கையில் நாலைந்து தடித்த புத்தகங்களை வைத்து, பூஸ்டரின் முன்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தள்ளினேன். முன்கால்கள் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. பின்கால்களின் அடியிலிருந்த ரப்பர் மூடி தரையைக் கவ்விப் பிடித்திருந்தது. அவர் முகம் மாறியதை இன்றும் மறக்க முடியவில்லை. கவனக்குறைவான மனிதரே அல்ல அவர். கவனம் முழுவதையும் பட்டையில் வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

ஆகவே நாற்காலியிலிருந்து தொடங்குங்கள். நான்கு கால்களும் தரையில் ஆடாமல் நிற்கும் கனமான நாற்காலி வேண்டும். பக்கவாட்டில் நின்று பாருங்கள்: பின்கால்கள் தரையைத் தொடும் இடம், இருக்கைப் பலகையின் பின்விளிம்பைத் தாண்டிப் பின்னால் போயிருந்தால் நல்லது. பின்கால் எவ்வளவு பின்னால் ஊன்றுகிறதோ அவ்வளவு கடினம் அதைச் சாய்ப்பது. சாய்மானத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் மூட்டுகளில் கிறீச் என்று சத்தம் வரக் கூடாது. இருக்கைப் பலகை தட்டையாகவும் கெட்டியாகவும், பூஸ்டரின் அடிப்பகுதி முழுவதும் உட்காரும் அளவுக்கு அகலமாகவும் இருக்க வேண்டும். பூஸ்டரின் ஒரு மூலை வெளியே தொங்கினாலும் அந்த நாற்காலி வேண்டாம். சாய்மானத்தின் இரு பக்கச் சட்டங்களும் மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே அகலத்தில் நேராக இருப்பது நல்லது.

மடக்கு நாற்காலி, சக்கரம் வைத்தது, சுழல்வது, ஆடுவது, முதுகில்லாத ஸ்டூல், இவற்றில் எதிலும் பூஸ்டரைக் கட்டக் கூடாது. பிளாஸ்டிக் நாற்காலியும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மிகவும் இலேசானது, அழுத்தினால் கால்கள் விரியும். பிரம்பு பின்னிய இருக்கை எடை ஏறினால் தொய்யும், பட்டையும் கூடவே தொய்யும். உங்கள் சாப்பாட்டு மேசை நாற்காலிகள் எல்லாமே ஒரே மாதிரிதான் என்றால், வீட்டில் வேறெங்காவது போட்டிருக்கும் கனமான மர நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து மேசையோடு போடுங்கள். ஒன்று மட்டும் வேறாகத் தெரிந்தால் தெரியட்டும்.

உங்கள் இப்போதைய நாற்காலியில் பட்டை மேலேறுவதற்குக் காரணம் நீங்கள் சரியாக இறுக்காதது அல்ல. அகலமான இடத்தில் இறுக்கிய பட்டை, குழந்தை அசையும் ஒவ்வொரு முறையும் குறுகலான இடத்தை நோக்கி நகரும். அங்கே போனதும் அதே நீளம் அதிகமாகிவிடுகிறது, தளர்ந்து நிற்கிறது. மறுபடி இறுக்கினாலும் மறுபடி ஏறும். சாய்மானத்தின் கீழ்ப்பகுதியில் உறுதியான குறுக்குச் சட்டம் ஒன்று இருந்து, அதன் அடியில் பட்டையை நுழைத்து எடுக்கப் பூஸ்டரின் கையேடு அனுமதித்தால், ஏறுவது நிற்கும். அப்படிச் சட்டம் இல்லையென்றால் அந்த நாற்காலி இந்த வேலைக்கு ஆகாது.

மெத்தையைக் கழற்றிவிடுங்கள். நாடாவால் கட்டிய மெத்தையென்றால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. நீங்கள் பட்டையை இழுக்கும்போது மெத்தை உப்பிய நிலையில் இருக்கிறது. குழந்தை உட்கார்ந்ததும் அமுங்குகிறது. அமுங்கிய அளவு பட்டை தளர்கிறது. பிறகு பூஸ்டர் படகு போலப் பக்கவாட்டில் ஆடும். நாற்காலியோடு சேர்த்துத் தைத்த மெத்தையாக இருந்தால் இயன்றவரை வேறு நாற்காலியையே பாருங்கள். மரப்பலகை வழுக்குகிறது, அதனால்தான் மெத்தை போட்டோம் என்றால், பூஸ்டரின் அடியில் இருக்கும் ரப்பர் கால்களைத் துடைத்துப் பாருங்கள். எண்ணெயும் உணவுப் பசையும் படிந்து அவை பிடிப்பை இழந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனி கட்டும் விதம். குழந்தை அருகில் இல்லாத நேரத்தில் இதைச் செய்யுங்கள். பூஸ்டரின் முதுகு நாற்காலிச் சாய்மானத்தோடு ஒட்டும்வரை பின்னால் தள்ளுங்கள். பட்டைகள் எங்கும் முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாகப் போக வேண்டும். முறுக்கிய பட்டை பக்கிளின் பற்களுக்குள் சரியாக உட்காராது. ஒரு பட்டை இருக்கைப் பலகையின் அடியில் போகும், இன்னொன்று சாய்மானத்தைச் சுற்றி வரும். அடிப்பட்டை பூஸ்டரைக் கீழே அழுத்திப் பிடிக்கிறது. முதுகுப் பட்டை அது முன்னால் கவிழாமல் பார்த்துக்கொள்கிறது. ஒன்று போதும் என்று மற்றதை விட்டுவிடக் கூடாது. பக்கிளை மாட்டும்போது 'கிளிக்' என்று சத்தம் கேட்க வேண்டும். பிறகு ஒரு கையால், முடிந்தால் முழங்காலால், பூஸ்டரை நன்றாகக் கீழே அழுத்திக்கொண்டு மறு கையால் பட்டையின் நுனியை இழுங்கள். அழுத்தாமல் இழுத்தால் இறுகியது போலத் தோன்றும், குழந்தை உட்கார்ந்ததும் தளர்ந்துவிடும். மிஞ்சிய நுனியைச் சுருட்டிச் செருகிவிடுங்கள். தொங்கும் பட்டையைப் பிடித்து இழுப்பதும், கழுத்தில் போட்டுப் பார்ப்பதும் குழந்தைகளின் இயல்பு.

இப்போது பூஸ்டரின் இரு பக்கமும் பிடித்து இடமும் வலமும் அசையுங்கள், முன்பக்கத்தை மேலே தூக்கிப் பாருங்கள். நாற்காலியும் சேர்ந்து அசைந்தால் கட்டு சரி. நாற்காலி அப்படியே நிற்க, அதன் மேல் பூஸ்டர் மட்டும் நகர்ந்தால் சரியில்லை. இந்தச் சோதனைக்குப் பத்து விநாடி போதும். ஒவ்வொரு முறை உட்கார வைப்பதற்கு முன்பும் செய்யுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் மறந்துபோகும்.

அடுத்து மேசை. பாதி தூரத்தில் நிற்கும் நாற்காலிதான் ஆபத்தானது. கால் நீட்டினால் விளிம்பில் பாதம் படும், முழங்கால் மடங்கும், உதைக்க வசதியான தூரம் அது. ஒன்று, குழந்தையின் முழங்கால்கள் மேசைக்கு அடியில் போய்விடும் அளவுக்கு நாற்காலியை உள்ளே தள்ளுங்கள்; அடியில் குறுக்குச் சட்டமோ மேசைக் காலோ பாதத்துக்கு எட்டுகிறதா என்று உங்கள் கையை விட்டுப் பாருங்கள். இல்லையென்றால், ட்ரேயிலேயே சாப்பிடட்டும் என்று முடிவு செய்து, கால் முழுவதும் நீட்டினாலும் எதிலும் படாத தூரத்தில் வையுங்கள். உள்ளே தள்ளியபோதும் கையால் மேசையைத் தள்ள முடியும் என்பதால், நீங்கள் எதிரே அல்ல, குழந்தையின் பக்கத்தில், நாற்காலியின் சாய்மானத்துக்குக் கை எட்டும் தூரத்தில் உட்காருங்கள். நாற்காலியின் கீழே விரிப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள். பின்னால் சுவர் இருப்பது நல்லதா என்று சிலர் கேட்பார்கள். சாய்மானம் சுவரை ஏறக்குறையத் தொட்டுக்கொண்டு நின்றால் சாய இடமில்லை, அது ஒரு துணைதான். அரை மீட்டர் இடைவெளி விட்டுச் சுவர் இருந்தால் அது துணையல்ல, தலை மோதும் இடம்.

இந்த இடத்தில் கால்களைப் பற்றி இயன்முறை மருத்துவராக ஒன்று சொல்ல வேண்டும். குழந்தை மேசையை உதைப்பது பெரும்பாலும் குறும்பால் அல்ல. அந்தரத்தில் தொங்கும் கால்களுக்கு ஊன்ற ஓர் இடம் தேவைப்படுகிறது. பாதம் எதிலாவது பதிந்திருந்தால்தான் இடுப்பும் முதுகும் நிலைக்கும், கை நிதானமாக வாய்க்குப் போகும், விழுங்குவதும் எளிதாகும். உங்களுக்கு வேண்டுமானால் ஓர் உயரமான நாற்காலியில் காலைத் தொங்கவிட்டபடி கால் மணி நேரம் சாப்பிட்டுப் பாருங்கள், புரிந்துவிடும். சில பூஸ்டர்களில் கால்வைக்கும் பலகை சேர்ந்தே வருகிறது. உங்களுடையதில் இல்லையென்றால் பெட்டிகளை அடுக்கி வைக்காதீர்கள். அவை குழந்தை எழுந்து நிற்கப் படியாகிவிடும். அடுத்த இருக்கை வாங்கும்போது இதைப் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் கணவரின் கயிறு யோசனைக்கு வருகிறேன். அக்கறையில் சொல்கிறார் என்பது தெரிகிறது, ஆனாலும் வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். நைலான் கயிறு வழுக்கும், முடிச்சு மெல்ல மெல்ல நெகிழும், நெகிழ்ந்தது வெளியே தெரியாது. அதைவிட முக்கியமான காரணம் வேறு. குழந்தைக்கு உணவு தொண்டையில் அடைத்துக்கொண்டால், ஒரு விநாடிகூட வீணாக்காமல் வெளியே எடுத்துக் கவிழ்த்து முதுகில் தட்ட வேண்டியிருக்கும். குழந்தையைச் சுற்றியோ பக்கிளின் மேலோ ஒரு முடிச்சு இருந்தால் அந்த நேரத்தில் நடுங்கும் விரல்களால் அதை அவிழ்க்க முடியாது. ஒரு கையால் அழுத்தினால் திறக்கும் பக்கிளை வைத்திருப்பது அதற்காகத்தான். கயிறு, துணி, மீள்தன்மையுள்ள ரப்பர் பட்டை எதையும் சேர்க்காதீர்கள்.

உங்கள் மாமியார் கேட்டது நியாயமான சந்தேகம். ட்ரே கண்ணுக்குத் தடுப்பு போலத்தான் தெரிகிறது. ஆனால் அது தட்டு வைக்கும் இடம் மட்டுமே. பெல்ட் இல்லாத குழந்தை இரண்டு வழிகளில் வெளியே வரும். ஒன்று, எழுந்து நின்று மேல் வழியாக. இன்னொன்று, வழுக்கிக் கீழ் வழியாக. அப்போது உடல் வெளியே போய்த் தலையோ கழுத்தோ ட்ரேயில் மாட்டிக்கொள்ளலாம். இந்த இரண்டாவதைத் தடுப்பது இடுப்புப் பெல்ட் மட்டும் அல்ல, கால்களுக்கு நடுவே வரும் அந்தச் சின்னப் பட்டைதான். தொந்தரவாக இருக்கிறது என்று முதலில் கழற்றி எறியப்படுவதும் அதுவே. இடுப்புப் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவு இறுக்கம் போதும்.

ஒரு வரிசையைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்: கிண்ணம், கரண்டி, தண்ணீர், துடைக்கும் துணி எல்லாம் மேசைக்கு வந்த பிறகு கடைசியாகக் குழந்தை. உட்கார வைத்ததும் முதல் வேலை பெல்ட், அதன் பிறகே ட்ரே. எடுக்கும்போது கடைசி வேலை பெல்ட்டைக் கழற்றுவது. 'கரண்டியை எடுத்து வந்துவிடுகிறேன்' என்று திரும்பும் அந்த ஒரு நொடியில்தான் குழந்தைகள் எழுந்து நிற்கிறார்கள். குழந்தை உட்கார்ந்திருக்கும்போது நாற்காலியைத் தூக்கவும் இழுக்கவும் வேண்டாம்.

இனி ஒருபோதும் தேவைப்படக் கூடாது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கு அது எட்டில் ஒரு பங்குதான். சிறு குழந்தைகள் விழும்போது தலை முந்திக்கொள்வது அதனால்தான். நாற்காலியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால், நினைவு தப்பினாலோ, மறுபடி மறுபடி வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி எழுப்ப முடியாமல் போனாலோ, வலிப்பு வந்தாலோ, காது மூக்கிலிருந்து இரத்தமோ தெளிந்த நீரோ வந்தாலோ, தலையில் மெத்தென்று வீக்கம் தெரிந்தாலோ, காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இவை எதுவும் இல்லாமல் குழந்தை வழக்கம் போல இல்லை என்று உங்களுக்குத் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டுவது தவறே அல்ல.

கடைசியாக, அண்ணன் வீட்டிலிருந்து வந்த அந்த இருக்கை. அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் ஒட்டிய சீட்டில் எந்த எடை வரை, எந்த வயது வரை என்று எழுதியிருக்கும். நாற்காலியில் கட்டும் இருக்கைகளுக்கான ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 16120, துணையின்றி உட்காரத் தெரிந்த குழந்தைகளுக்கு, 36 மாதம் வரை, 15 கிலோ வரை என்று வரம்பு வைக்கிறது. உங்கள் இருக்கையின் சீட்டில் குறைவாக எழுதியிருந்தால் அதுவே உங்களுக்கு வரம்பு. காரில் பயன்படுத்தும் பூஸ்டரும் இதுவும் வேறு வேறு; பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்றை மற்றொன்றுக்குப் பதிலாக வைத்துவிடக் கூடாது.

பட்டைகளை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். ஓரம் பிசிறியிருந்தாலோ தையல் விட்டிருந்தாலோ அந்த இடத்தில் விரல் நிற்கும். பக்கிளின் இரு முனைகளிலும் உள்ள கவ்விகளைப் பாருங்கள், ஒன்று வெளுத்து மடங்கிய கோடு விழுந்திருந்தால் அது சீக்கிரம் உடையும். காய்ந்த உணவுத் துணுக்கு உள்ளே இருந்தால் வெந்நீரில் ஊற வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவிடுங்கள். மாட்டும்போது சத்தமில்லாமல் 'மெத்'தென்று போய் உட்கார்ந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது, அல்லது கவ்வி தேய்ந்துவிட்டது என்று பொருள். ஒரு பட்டை காணாமல் போயிருந்தால் தையற்காரரிடம் கொடுத்துப் புதிதாகத் தைக்க வேண்டாம். தயாரித்த நிறுவனத்திடம் அதே மாடலுக்கான பட்டையைக் கேளுங்கள், கையேட்டையும் சேர்த்துக் கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால் அந்த இருக்கையை அப்புறப்படுத்திவிடுங்கள். அண்ணனிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள், இன்னொரு குழந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பட்டைகளை வெட்டி எடுத்துவிட்டே வெளியே போடுங்கள்.